மகள் வீட்டுத் தூசி பற்றி அக்காவுக்கு

என் அன்புக்கும், அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக என் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு, தம்பி பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் மகளும் சுகம். அங்கே நீயும், அத்தானும், அத்தானின் முழங்காலும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

நீ ஒப்படைத்த வேலையை முடித்துவிட்டேன். "மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை பையன் வீட்டுக்காரங்களக் கூட்டிட்டு வரேன். அதுக்குள்ள உன் பொண்ணு மனசுல வேற யாராவது இருக்காங்களான்னு பாத்துச் சொல்லு. அப்புறம் அவங்க முன்னாடி என் மூக்கு உடையக் கூடாது" என்று தொலைபேசியில் சொன்னாய். நேரடியாகக் கேட்டுத் தொலைக்காதே என்றும் சொன்னாய். நான் யார்? ரயிலில் டிக்கெட் பரிசோதகனாகவே நரைத்தவன். கழிப்பறைக்குள் ஒளிந்தவனைக் கதவைத் தட்டாமலே கண்டுபிடித்தவன். பெற்ற மகளிடம் கண்டுபிடிக்க முடியாதா என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பி வந்தேன். ஆனால் இவள் பார்க்கிற உத்தியோகம் இருக்கிறதே, அதுதான் என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டது.

நட்சத்திரமும் கோளும் எப்படிப் பிறக்கின்றன என்று பார்ப்பது இவள் வேலை. சரி, பிரசவம் பார்க்கிற மாதிரி போலிருக்கிறது என்று நினைத்து, "இதுவரைக்கும் எத்தனை பாத்திருக்க?" என்று கேட்டேன். "முழுசா ஒண்ணுகூட யாரும் பாத்ததில்லப்பா. ஒரு நட்சத்திரம் உருவாக லட்சக்கணக்கான வருஷம் ஆகும்" என்றாள். சம்பளம் மட்டும் மாதாமாதம் வந்துவிடுகிறது! பிறகு பொறுமையாக விளக்கினாள். ஒரே நட்சத்திரத்தின் முன்னால் உட்கார்ந்து காத்திருக்க முடியாது. அதனால் கருவில் ஒன்று, கைக்குழந்தையாக ஒன்று, மீசை முளைத்ததாக ஒன்று என்று பல வயதில் நூற்றுக்கணக்கானவற்றைப் பார்த்து வரிசைப்படுத்திக்கொள்கிறார்களாம். நான் ரயில் பெட்டியில் ஏறினால் மடியில் தூங்குகிற பிள்ளை முதல் பல்செட் கட்டிய தாத்தா வரை மனித வாழ்க்கை முழுவதையும் ஒரே நடையில் பார்த்துவிடுவேனே, அதுபோலத்தான். அதிலும் கைக்குழந்தை என்று இவள் கொஞ்சுகிற நட்சத்திரத்துக்கு வயது பத்து லட்சம். "உனக்கு முப்பது ஆகப் போகுதும்மா" என்று நான் கல்யாணப் பேச்சுக்கு அடி போட்டால், "அப்போ நான் இன்னும் பொறக்கவே இல்லப்பா" என்று எழுந்து போய்விட்டாள்.

இன்னொரு கூத்தைக் கேள். இந்தக் குழந்தைகள் பிறப்பது தூசி மேகத்துக்குள்ளே. கண்ணால் பார்க்கிற ஒளி அந்தத் தூசியைத் தாண்டி வராதாம். வெப்பமும் வானொலி அலையும்தான் வருமாம். அதற்காக ஆளில்லாத மேட்டு நிலத்தில் மொட்டைமாடித் தொலைக்காட்சித் தட்டைப் பெரிதாக்கியதுபோல வரிசையாகத் தட்டுகளை நிறுத்தி, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கண்ணாக்கிப் பார்க்கிறார்கள். அப்படி எடுத்த படம் ஒன்றைக் காட்டினாள். நடுவில் நட்சத்திரம், சுற்றிலும் வட்டமாகத் தூசி, அந்தத் தூசிக்குள் விளக்குமாற்றால் பெருக்கியதுபோலச் சுத்தமாக ஒரு வளையம். "இந்த எடத்துல ஒரு கோள் உருவாகிட்டு இருக்குப்பா. அது போற வழியில இருக்கிற தூசியெல்லாம் ஒதுக்கிடுச்சு" என்றாள். "கோள் எங்கம்மா?" என்றேன். "கோள் தெரியாது. இடைவெளிதான் தெரியும்" என்றாள். அக்கா, அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.

மகள் வீட்டில் தூசிக்குப் பஞ்சமே இல்லை. வானத்துத் தூசியை அவ்வளவு அக்கறையாகப் பார்க்கிறவள் வீட்டுத் தூசியைத் திரும்பியும் பார்ப்பதில்லை. மறுநாள் அவள் வேலைக்குப் போனதும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு செருப்பு அடுக்கின் முன்னால் மண்டியிட்டேன். கீழ்த்தட்டில் ஒரு பக்கம் இவள் செருப்புகள். மறுபக்கம் தூசி. அந்தத் தூசியில் பாத வடிவில் சுத்தமாக இரண்டு இடங்கள், இவள் காலைவிட இரண்டு விரல் நீளமாக! பொருளைக் காணோம், இடைவெளி மட்டும் இருக்கிறது.

சாயங்காலம் சுற்றி வளைத்துக் கேட்டேன்: "ஏம்மா, இடைவெளி இருந்தாலே கோள் இருக்குன்னு அடிச்சுச் சொல்லிடலாமா?" "அவசரப்படக் கூடாதுப்பா. வாயு உறைஞ்சு பனியாகிற எடத்துலகூட அப்படி வளையம் வரலாம். வேற சாட்சியும் வேணும். கண்ணுக்குத் தெரியாத கோள் ஒண்ணு சுத்தினா அந்த நட்சத்திரமே லேசா ஆடும், அதையும் பாப்போம்" என்றாள். நான் ஆட்டத்தையும் பார்த்தேன். மற்ற நாளெல்லாம் உர்ரென்று வீட்டுக்கு வருகிறவள், வியாழக்கிழமை மட்டும் நேரம் கழித்து, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். அடுத்த வியாழக்கிழமையும் அதே பாட்டு.

இனிப் பொறுப்பதில்லை என்று, சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டாள் என்ற சாக்கில் அவளுடைய ஆராய்ச்சி நிலையத்துக்கே போனேன். (டப்பாவை அவள் பையிலிருந்து எடுத்து ஒளித்தது நான்தான்.) வானத்தைப் பார்க்கிற இடத்தில் ஜன்னலுக்கெல்லாம் திரை போட்டு வைத்திருக்கிறார்கள்! ஒருவர்கூட வானத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் கணினியைத்தான் முறைத்துக்கொண்டிருந்தார்கள். மகளுக்கு அடுத்த மேசையில், எல்லோரும் ஒட்டகச்சிவிங்கி என்று கூப்பிடுகிற நெட்டையான பிள்ளை ஒருவர். கணினிக்குள்ளேயே தூசியும் வாயுவும் போட்டு, ஒரு கோளைச் சுற்ற விட்டு, அதனால் வருகிற இடைவெளி நிஜப் படத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது அவர் வேலையாம். முகத்தைப் பார்த்தால் பொய் சொல்லத் தெரியாதவராகத் தோன்றியது. வாசல்வரை வழியனுப்ப வந்தவரிடம் மெதுவாக, "தம்பி, என் பொண்ணுக்கு இங்க யாராவது..." என்று இழுத்தேன். அவருக்குக் கழுத்தெல்லாம் வியர்த்துவிட்டது; கழுத்து அவருக்கு நிறையவே இருக்கிறது. "சார், இப்ப இருக்கிற தரவ வெச்சு உறுதியா எதுவும் சொல்ல முடியாது" என்றார். விஞ்ஞானி என்றால் இப்படியல்லவா நிதானமாகப் பேச வேண்டும்!

தரவு போதாதென்றால் என்ன செய்வது, நாமே தூசி போட வேண்டியதுதான். அந்தச் சனிக்கிழமை மகள் கடைக்குப் போன நேரத்தில் அவளுடைய பவுடர் டப்பாவை எடுத்து, வாசலுக்கு வெளியே வழவழவென்று இருக்கிற தரையில் சீராகத் தூவினேன். நான் கண்ணயரும்போது யார் வந்து போனாலும் தடம் விழட்டும் என்று கதவைச் சாத்திவிட்டுப் படுத்தேன். தடம் விழவில்லை அக்கா, ஆளே விழுந்தார். கட்டடம் அதிர்ந்தது. ஓடிப்போய்த் திறந்தால் ஒட்டகச்சிவிங்கி வாசலில் மல்லாந்து கிடக்கிறார், கையில் மகள் அலுவலகத்தில் மறந்து வைத்துவிட்டு வந்த கணினி ஒயர். அடிபட்டால் எல்லோரும் "ஐயோ அம்மா" என்பார்கள். இவர் "ஐயோ மாமா" என்றார். அந்த வலியிலும் எவ்வளவு மரியாதை பார்! கைத்தாங்கலாக உள்ளே கொண்டுவந்து குப்புறப் படுக்க வைத்தேன். தைலம் எங்கே, தைலம் எங்கே என்று நான் வீட்டைத் தலைகீழாக்கிக்கொண்டிருந்தபோது, தலையணைக்குள்ளிருந்து "மேசையில கீழ் டிராயர்ல பாருங்க" என்று குரல் வந்தது. இருந்தது! இந்தத் துறைக்காரர்களின் ஊகத் திறமையே தனி.

மகள் வந்தாள். பவுடரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தைலம் மினுங்குகிற அவர் முதுகைப் பார்த்தாள். விழுந்த வேகத்தில் அவர் செருப்பு வார் அறுந்துபோயிருந்தது. மகள் அலமாரியைத் திறந்து ஆண்கள் காலணி ஒரு ஜோடியை எடுத்து வைத்தாள். "இது யாருதும்மா?" என்றேன். "தனியா இருக்கேன்லப்பா. ராத்திரி வாசல்ல எடுத்து வெச்சுடுவேன். வீட்ல ஆம்பள இருக்குன்னு பாக்கிறவங்க நினைச்சுக்கட்டும்னு. இப்பதான் நீங்க இருக்கீங்களே, அதான் உள்ள வெச்சேன்" என்றாள். என்ன முன்யோசனை! எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இன்னும் பெரிய ஆச்சரியம், காவலுக்கு வைத்திருந்த அந்தக் காலணி அளவெடுத்துத் தைத்ததுபோல அவர் காலுக்குப் பொருந்திவிட்டது. வியாழக்கிழமைப் பாட்டுக்கும் காரணம் கிடைத்தது. அன்றைக்குத்தான் பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கூடிப் புதுப் படங்களைப் பார்ப்பார்களாம்.

ஆகவே, முறைப்படி விசாரித்துச் சொல்கிறேன்: என் மகள் மனதில் யாரும் இல்லை. நீ தைரியமாகப் பையன் வீட்டாரோடு புறப்பட்டு வரலாம். அத்தானுக்கு என் வணக்கம். உன் பேரப் பிள்ளைகளுக்கு என் ஆசி. உன் ஆசியையும் திட்டையும் ஒருசேர எதிர்பார்க்கும்,

உன் தம்பி.

பி.கு.: அத்தை, இது அப்பா இல்லை, நான். அப்பா உறையை ஒட்டாமல் மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறார். நான் படித்தது தப்புதான். அப்பா பார்த்ததெல்லாம் சரி அத்தை, முடிவு மட்டும் தவறு. அப்பா யாருக்குத் தைலம் தடவிவிட்டாரோ, அவரைத்தான் நான் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன். வெகு நாளாகச் சொல்ல நினைக்கிறேன், வாய் வரைக்கும் வந்து நின்றுவிடுகிறது. அம்மா போன பிறகு அப்பாவுக்கு நான் ஒருத்திதான். என் கல்யாணத்தைத் தானே பார்த்துச் செய்ய வேண்டும் என்று ஆசையாக இருக்கிறார். நானே முடிவு செய்துவிட்டேன் என்று தெரிந்தால், தன்னை ஒதுக்கிவிட்டதாக நினைத்து உடைந்துபோவார். நீங்கள் சொன்னால் கேட்பார். தயவுசெய்து பையன் வீட்டாரைக் கூட்டிக்கொண்டு வராதீர்கள்.

இன்னொரு பி.கு.: அக்கா, மறுபடியும் நான். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அவள் நாற்காலியை நகர்த்துகிற சத்தம் கேட்கும்வரை உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். உறையை ஒட்டாமல் வைத்தது மறதி இல்லை. இந்தக் கடிதமே உனக்காக எழுதியது இல்லை, அவள் படிக்கட்டும் என்று எழுதியது; கோபித்துக்கொள்ளாதே. அந்தப் பிள்ளை விழுந்த அன்றே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆனால் நேரில் கேட்டால் "அப்படியெல்லாம் யாரும் இல்லப்பா" என்று என் முகத்துக்காகச் சொல்லிவிட்டு, நீ கூட்டி வருகிறவர்கள் முன்னால் வந்து தலைகுனிந்து உட்கார்ந்துவிடுவாள். அதைப் பார்க்க என்னால் முடியாது. நான் உடைந்துபோவேன் என்று எழுதியிருக்கிறாளே, அதைப் படித்தபோதுதான் நிஜமாகவே கொஞ்சம் உடைந்தேன். என்னிடம் சொல்ல இவ்வளவு பயமா இவளுக்கு?

பையன் வீட்டாரிடம் எதையாவது சொல்லிச் சமாளித்துவிடு. எனக்கு உடனே ஒரு கடிதம் போடு. "பொண்ணு மனசு தெரியாத மடையா" என்று ஆரம்பித்து, அந்தப் பிள்ளைக்கே கட்டிக்கொடு என்று காரசாரமாகத் திட்டி எழுது. நான் ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்துவிட்டு, உனக்குப் பயந்து சம்மதித்துக்கொள்கிறேன். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போடு அக்கா. அவள் தூரத்திலிருந்தே படிக்கிற மாதிரி மேசையில் விரித்து வைத்துவிட்டு நான் மறுபடியும் குளிக்கப் போக வேண்டும்.