தேவி நினைவுப் பூட்டு

இணையதளத்துக்குப் பித்தளைப் பூட்டுப் போட்ட முதல் பால் சங்கம் உலகிலேயே எங்களுடையதுதான். ஏம்பலத்தைத் தாண்டி இருக்கும் ஒரு சின்ன ஊர் இந்தச் சாதனையைச் செய்திருக்கிறது. இன்று பூட்டுக்குத் திறப்பு விழா.

காலையில் எழுந்தேன். பால் காய்ச்சினேன். இரண்டு டம்ளர் எடுத்து, ஒன்றைத் திரும்ப வைத்தேன். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டேன். பூட்டுக்கு என் மனைவியின் பெயர் வைத்திருப்பதால் எனக்கு முன்வரிசையில் நாற்காலி.

தேவி சங்கத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தாள். நிர்வாகக் குழுவின் ‘தொழில்நுட்ப விழிப்புணர்வு’ எத்தகையது என்பதை ஒரு மாலை நானே கேட்டிருக்கிறேன். அவளை அழைத்துப்போக வாசலில் பைக்கோடு நின்றிருந்தேன்.

“சார், நம்ம வெப்சைட்ல ஒரு மெம்பரோட பக்கத்தத் திறந்து, மேல இருக்கற நம்பர்ல ஒண்ணு கூட்டிப் போட்டா அடுத்தவங்க பக்கம் வந்துடுது. போட்டோ, போன் நம்பர், வூட்டு அட்ரஸ், எல்லாம். யார் வேணா பாக்கலாம்.”

“நல்ல வசதியாச்சேம்மா!” என்றார் தலைவர் ராஜ்மோகன்.

“நமக்குப் பால் ஊத்தற கண்ணையன் அண்ணன்கிட்ட போன் இல்லன்னு அவர் பொண்ணு சரண்யா நம்பரக் குடுத்தாரு. எவன் எவனோ அதுக்குப் போன் பண்ணி அசிங்கமாப் பேசறான். காலேஜ நிறுத்திடுவேன்னு இவரு நிக்கறாரு.”

“காலத்துல கல்யாணம் பண்ணி வெச்சா எவன் பேசுவான்?” என்றார் இயக்குநர் சின்னப்பிள்ளை. இவர் குழுவின் ‘சைபர்’ பொறுப்பாளர். வாட்ஸாப்பில் தினமும் எல்லோருக்கும் காலை வணக்கம் அனுப்புபவர்.

தேவி எளிமையாகச் சொல்லிப் பார்த்தாள். “வூட்ல முன்கதவப் பூட்டிட்டு பின்கதவத் திறந்து போட்ட மாதிரி சார்.”

குழு உடனே எழுந்தது. அலுவலகத்தின் பின்கதவை நேரில் ஆய்வு செய்தது.

“பொண்ணு சொல்றது கரெக்ட்டுபா. தாழ்ப்பா துருப் புடிச்சிக் கெடக்கு.”

“நேத்து பூனகூட வந்துட்டுப் போச்சி.”

‘இணையதளப் பாதுகாப்பை முன்னிட்டு’ பின்கதவுக்குப் பித்தளைப் பூட்டு வாங்குவதென ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். தேவி எழுந்து ஒரு வார்த்தை சொன்னாள். கைதட்டலில் அது அவர்கள் காதில் விழவில்லை. வாசலில் இருந்த எனக்குக் கேட்டது.

அந்த வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. அடுத்த வாரம் அவள் இல்லை.

குழு நன்றி மறக்கவில்லை. பூட்டுக்கு மேலே சுவரில் ஒரு கறுப்புக் கல் பதித்தது. தேவி பெயர். அதன் கீழே, ‘சங்கத்துக்கு அவர் கடைசியாகச் சொன்னது: கதவைப் பூட்டுங்கள்.’

இன்று விழாவில் தலைவர் ரிப்பனை வெட்டிப் பேசத் தொடங்கினார். நடுவில் ஒரு போன் அடித்தது. கண்ணையன் எடுத்தார், ஒரு நொடி கேட்டார், துண்டித்தார். மறுபடி அடித்தது.

“இன்னா கண்ணையா, மந்திரிக்குக்கூட இவ்ளோ போன் வராது!” என்றார் தலைவர்.

கூட்டம் சிரித்தது.

“எனக்கில்லீங்க. பொண்ணோட போனு. புடுங்கி வெச்சிருக்கேன்.”

“சரண்யா எங்க?”

“வூட்ல. காலேஜுக்கு அனுப்பறதில்ல.”

“செரி, ஆஃப் பண்ணுபா. பாதுகாப்பப் பத்திப் பேசிக்கினு இருக்கோம்.”

பிறகு தலைவர் சாவியைத் திருப்பினார். பூட்டு கச்சிதமாக விழுந்தது. இனி எந்தப் பூனையும் எங்கள் இணையதளத்துக்குள் நுழைய முடியாது.

செயலாளர் கலைச்செல்வன் மைக்கை என்னிடம் நீட்டினார். “தேவி கடைசியாச் சொன்னத அவங்க வூட்டுக்காரரே படிப்பாரு.”

கல்லைப் பார்த்தேன். எழுத்துகள் நன்றாகவே வெட்டப்பட்டிருந்தன. அதைப் படிக்கவில்லை. அவள் சொன்னதைச் சொன்னேன்.

“கதவ வுடுங்க சார். அந்தப் பொண்ணுக்கு இன்னா பதில் சொல்லப் போறீங்க?”