வேறு கிளை இல்லாத கடையின் இரண்டாவது கிளை

இலோய்லோ,
செவ்வாய்க்கிழமை

மரியாதைக்குரிய ரெமெடியோஸ் அக்காவுக்கு, தம்பி அனக்லெட்டோ பணிவோடு எழுதுவது. நானும் ஹெர்மினியாவும் சுகம். என் ரத்த அழுத்தமும் குறைவில்லாமல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை திருவிழாவுக்கு நீங்கள் பகோலோடிலிருந்து படகேறி வருமுன், ஊரார் சொல்லி நீங்கள் கேட்குமுன், நானே சொல்லிவிடுகிறேன். அம்மாவின் பாச்சோய்க் கடைக்கு ஒரு கிளை திறந்துவிட்டேன்.

திட்டாதீர்கள், முழுக்கப் படியுங்கள். "கிளை கிளைன்னு போனா சூப்பு தண்ணியாயிடும்டா" என்று அம்மா சொன்னதும், அந்த நிபந்தனையோடுதான் நீங்கள் கடைச் சாவியைக் கொடுத்ததும் மறக்கவில்லை. ஆனால் அக்கா, பேங்க்குக்கு எத்தனை பிராஞ்ச், கோர்ட்டுக்கே நம்பர் போட்டு பிராஞ்ச், நம்ம காஸியானோ மாமா குடும்பம் நாலு தீவில் கிளைவிட்டிருக்கிறது (அதில் இரண்டு அத்தைக்குத் தெரியாது), நம்ம பாச்சோய் நூடுல்ஸ் சூப்புக்கு மட்டும் ஆகாதா என்று தோன்றிவிட்டது. சந்தையில் இருக்கிற நம்ம கடைக்கு எதிர்ப்புறமே இடம் பிடித்து, போர்டு எழுதுகிற புல்ஹென்சியோவிடம் பழைய போர்டில் ஓர் எழுத்து மாறக்கூடாது என்றேன். மாறவில்லை. அம்மா பெயரோடு 'சிமியோனா பாச்சோய். அசல். எங்களுக்கு வேறு கிளை இல்லை' என்று ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அந்த வரியை அழிக்கலாமென்றால், கிளை இல்லை என்று எழுதாத கடையில் நம்மூர்க்காரன் கரண்டியைத் தொடுவானா? முதல் நாளே ஓய்வுபெற்ற டீச்சர் ஒருத்தர் வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வெக்கமாயில்லையாய்யா? எதிர்க்கவே அசல் கடை இருக்கு."

அதுவும் என் கடைதான் என்றேன்.

"போலிக்காரன் எல்லாரும் இதையேதான் சொல்றான்."

நேரே எதிர்க்கடைக்குப் போய், அங்கே கல்லாவில் இருந்த ஹெர்மினியாவிடம் புகார். என் மனைவி என்ன சொன்னாள் தெரியுமா? "அந்தாள இருபது வருஷமா எனக்குத் தெரியும் டீச்சர், நம்பவே கூடாது." கேட்டால், வந்த வாடிக்கையை விடச் சொல்றீங்களா என்கிறாள். அன்றிலிருந்து கிளையில் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஆகவே சனிக்கிழமையோடு மூடிவிடுகிறேன் அக்கா. சாவியை மட்டும் திருப்பிக் கேட்டுவிடாதீர்கள், எனக்கு வேறு தொழில் தெரியாது.

அத்தானுக்கு வணக்கம், குழந்தைகளுக்கு முத்தம், உங்கள் கோபத்துக்கு மாதாவின் குளிர்ந்த கை.

உங்கள் சொல் தட்டாத தம்பி,
அனக்லெட்டோ

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்குள் இரண்டு நாள் ஓடிவிட்டது. எது போலி என்று தீர்ப்புச் சொல்ல ஊரே இரண்டு கடையிலும் ஆளுக்கொரு கிண்ணம் சாப்பிடுகிறது. போலி எப்படி இருக்கும் என்று காட்ட டீச்சர் ஆறு பேரைக் கூட்டிவந்தார். கிளையை மூடவில்லை. ஞாயிறு படகை விட்டு இறங்கியதும் நேரே இங்கே வந்து, நடுவாசலில் நின்று, "இது எங்கம்மா கடையே இல்ல" என்று உரக்கக் கத்துங்கள். ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டுக் கத்தினால் இன்னும் நம்புவார்கள்.