மண்புழு ஓடும் நேரம்

“இது கடிதமா, மை துடைச்ச துணியா?” என்று கேட்டார் வாட்ச்மேன்.

டெஸ்டர் எட்டிப் பார்த்தான். தொலைக்காட்சி நிலையத்திலிருந்து வந்த அஞ்சலட்டை அது. ஆறு நாள் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு தூங்கியதில், ‘சனிக்கிழமை மாலை ஐந்து மணி, பத்து நிமிடம்’ என்ற பொன்னான எழுத்துகள் வியர்வையில் கரைந்து ஒரு நீலக் குளமாகியிருந்தன.

“நிகழ்ச்சி அதிகாரி வரச் சொல்லியிருக்கார் அண்ணே. தொடருக்கு ஒரு கதை சொல்லணும்.”

“அதான் இப்ப எங்கிட்டச் சொல்லிட்டியே. கிளம்பு.”

அவன் டிவி மெக்கானிக். சட்டைப்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் எப்போதும் ஒரு டெஸ்டர் இருக்கும். அதனால் ஊரே வைத்த பெயர் அது. ஊரில் இருந்தது ஒரே சேனல். தெருவுக்கு நாலு டிவி. ஆறு மணிக்குப் படம் என்றால் நாலரைக்கே பாயும் தலையணையுமாக வந்து இடம் பிடிப்பார்கள். அதுவரை எதைப் போட்டாலும் இமைக்காமல் பார்ப்பார்கள். வெறும் புள்ளிகள் வந்தால்கூட, “இன்னிக்குப் புள்ளி கொஞ்சம் பெரிசா இருக்குல்ல?” என்று விமர்சனம் செய்த பொற்காலம்.

அந்தக் காலத்தில் ஊரிலுள்ள அத்தனை டிவிகளின் முதுகையும் பார்த்தவன் டெஸ்டர். முதுகைப் பார்த்தவனுக்கு முகத்தில் வர ஆசை. ஆனால் அப்பா தலைமையாசிரியர். அவர் தொண்டையைச் செருமினால் மூன்று தெரு தள்ளிக் குழந்தைகள் வாய்ப்பாடு சொல்லும். அவர் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தண்ணீர் வாரியத்தில் குமாஸ்தா வேலையில் சேர வேண்டும். ஓய்வு பெறும்வரை குழாய் அடைப்பு மனுக்களுக்கு எண் போடலாம். இன்று கதை தேறினால் தப்பிக்கலாம். இல்லையென்றால் குழாய்தான்.

வாட்ச்மேன் கூண்டில் ஒரு குட்டி டிவி இருந்தது. அதில் புள்ளி மழை கொட்டிக்கொண்டிருந்தது. டெஸ்டருக்குக் கை அரித்தது. ஏரியலைக் கால் திருகு திருகி, பின்னால் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினான். மழை விட்டது. திரை நிறைய ஒரு மண்புழு கம்பீரமாக நெளிந்தது.

வாட்ச்மேன் வாயைப் பிளந்தார். “ரெண்டு வருஷமா இதுல முகமே தெரியலப்பா! போ, போ, நேராப் போயி இடது பக்கம்.”

அதிகாரியின் அறையில் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். அதனால் அவர் செய்தி வாசிக்கும் ஸ்டுடியோவில், செய்தி வாசிப்பவரின் நாற்காலியிலேயே உட்கார்ந்து கோப்பு பார்த்துக்கொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடி நெற்றியில் இருந்தது. எதிரே ஒரு கேமரா துணி போர்த்திக்கொண்டு தூங்கியது.

“உக்காருங்க தம்பி. இப்ப மண்புழுப் படம் ஓடுது. ஆறு மணிவரைக்கும் இந்தப் பக்கம் ஈ காக்கா வராது. பத்து நிமிஷம். ஆரம்பிங்க.”

டெஸ்டர் வாயைத் திறந்தான். “க்ர்ர்ர்ர்” என்று சத்தம் வந்தது. அவன் மூடிக்கொண்ட பிறகும் வந்தது.

“சுவர்ல இருக்கிற பலகைதான் தம்பி. ஒரு வாரமா இப்படித்தான். நீங்க சொல்லுங்க.”

பலகையில் ஐம்பது துளைகள், ஐம்பது வயர்கள். ஒன்று மட்டும் பாதி வெளியே தொங்கியது. அப்படித் தொங்குவதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பவன் மெக்கானிக்கே அல்ல. அதைப் பிடுங்கி, பக்கத்துத் துளையில் கச்சிதமாகச் செருகினான். சத்தம் நின்றது.

“அட, கெட்டிக்காரன்தான்!” என்றார் அதிகாரி.

உடனே கதவுக்கு மேலே ஒரு சிவப்பு பல்பு எரிந்தது.

“அது அப்பப்ப எரியும், கண்டுக்காதீங்க.”

அவனுக்குக் கண்ணை உறுத்தியது. ஸ்டூலில் ஏறிப் பல்பைக் கழற்றி மேசைமேல் வைத்தான். அறை இருட்டாக இருப்பதுபோல் பட்டதால் போகிற போக்கில் பெரிய விளக்கையும் போட்டான்.

“சார், ஒரு வீடு. அந்த வீட்டு டிவி பத்து நாள் ரிப்பேர். அதான் சார் தொடர்.”

“டிவி ரிப்பேரானதை டிவியில காட்டணுமா?”

“அந்தப் பத்து நாள் வீட்டுல என்ன நடக்குதுங்கிறதுதான் கதை. நடிச்சே காட்டறேன்.”

தொலைபேசி அடித்தது. அதிகாரி எடுக்கவில்லை. அது விடவில்லை. “இதை நிறுத்துறதுக்கு ஏதாவது வழி இருக்கா?” என்றார். டெஸ்டர் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்தான். அதற்குள்ளிருந்து யாரோ எறும்புக் குரலில் கத்துவது கேட்டது. மேலே கனமான கோப்பு ஒன்றை வைத்து மூடினான்.

“முதல்ல அப்பா சார். பெரிய தலைமையாசிரியர். ஊரே நடுங்கும். ஆனா மீசைக்கு மை தீட்டறது பூட்ஸ் பாலிஷ்ல! அதுவும் அம்மாவோட பழைய பல் துலக்கற பிரஷ்ஷை வச்சு. சனிக்கிழமை அஞ்சு மணிக்கு, எல்லாரும் டிவி முன்னாடி இருக்கிறப்ப, கொல்லைப்பக்கக் கண்ணாடியில ரகசியமா நடக்கும். இந்நேரம் ஒரு பக்கம் முடிச்சிருப்பார்.”

அதிகாரி முதல்முறையாகச் சிரித்தார். “இது யார் வீட்டுக் கதை தம்பி?”

“எங்க வீடுதான் சார். ஒளிபரப்பறப்ப எல்லாத்தையும் மாத்திடலாம். அப்பாவுக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சு ஏரியல்ல காயப்போட்டுடுவார்.”

அடுத்தது அம்மா. அம்மாவுக்குப் புடவை வேண்டும். சுற்றிலும் பார்த்தான். கேமராவைப் போர்த்தியிருந்த துணியை உருவித் தோளில் போட்டுக்கொண்டான். கேமரா ஒற்றைக் கண்ணை முழித்துப் பார்த்தது.

கதவை யாரோ தட்டினார்கள்.

“அப்புறம் வா!” என்று அதிகாரி இரைந்தார். தட்டல் இடியாக மாறியது. “இந்த வெள்ளையடிக்கிறவங்க தொல்லை தாங்கல. அந்தத் தாழ்ப்பாளைப் போடுங்க தம்பி.”

போட்டான்.

“அம்மா நாள் பூரா ஏதாவது சொல்லிக்கிட்டே இருப்பாங்க சார். டிவியைப் பார்த்துக்கிட்டே எல்லாரும் ‘ம்’ கொட்டுவோம். ஒருநாள் அம்மா, ‘வீடு தீப்பிடிச்சிருச்சு’ன்னு சும்மா சொல்லிப் பார்த்தாங்க. அப்பா, ‘ம், கொஞ்சம் உப்பு கம்மி’ன்னார்.”

அதிகாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

“மறுநாள் டிவி செத்துப்போச்சு. நான் பின்பக்கம் திறந்து பார்த்தா எல்லாம் சரியா இருக்கு. வீட்டு மெயின் பலகையில அந்த அறையோட ஃப்யூஸ் கட்டையைக் காணோம்! தேடினேன். அம்மா வச்சிருக்கிற பருப்பு டப்பாவுக்குள்ள இருந்துச்சு சார்.”

அதிகாரியின் சிரிப்பு நின்றது.

“நான் ஒண்ணும் கேக்கல. அம்மாவும் ஒண்ணும் சொல்லல. டப்பாவை மூடி வச்சிட்டு அப்பாகிட்டப் போயி, ‘உள்ள ஒரு சாமான் போயிருச்சு, கப்பல்ல வரணும்’னேன். பத்து நாள் சார். முதல் ரெண்டு நாள் யாருக்கும் யாரோட முகத்தையும் எப்படிப் பார்க்கிறதுன்னே தெரியல. மூணாம் நாள் அப்பா தான் சின்ன வயசுல சைக்கிளோட கிணத்துல விழுந்த கதையைச் சொன்னார். அஞ்சாம் நாள் அக்கா பாடினா. எங்க அக்கா பாடுவான்னு எங்களுக்கு அன்னிக்குத்தான் தெரியும். எட்டாம் நாள் அம்மா சொன்ன ஒரு கதைக்கு அப்பா சிரிச்சுச் சிரிச்சுப் புரையேறி, அம்மா அவர் தலையில தட்டினாங்க. தலைமையாசிரியர் தலையில சார்! பத்தாம் நாள் மேசையைச் சுத்தி உக்காந்திருந்தோம். திடீர்னு எல்லாரும் பேச்சை நிறுத்தினோம். பேச ஒண்ணுமில்லாம இல்ல. சும்மா, நல்லா இருந்துச்சு.”

அவன் தோளிலிருந்த துணியின் முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அதிகாரி கண்ணாடியைத் துடைக்கத் தேடினார். அது நெற்றியில் இருந்தது.

“பதினோராவது நாள் காலையில, சார்…”

“போதும் தம்பி.” அதிகாரி எழுந்து அவன் தோளைத் தட்டினார். “நல்லா இருக்கு. எனக்கே எங்கம்மாவைப் பார்க்கணும்போல இருக்கு. ஆனா முடியாது.”

“ஏன் சார்?”

“ஒருத்தன் நின்னு வீட்டுக் கதை பேசறான். சண்டை இல்ல, துரத்தல் இல்ல, ஒரு துப்பாக்கிகூட இல்ல. இருபது வருஷமா இந்த வேலையில இருக்கேன். சத்தியமாச் சொல்றேன், இதை எவன் உக்காந்து பார்ப்பான்?”

டெஸ்டருக்குத் தண்ணீர் வாரியத்தின் அத்தனை குழாய்களும் ஒரே நேரத்தில் கண்ணில் திறந்துகொண்டன. துணியை மடித்தான். பல்பை மாட்டினான். ரிசீவரைத் தொலைபேசியில் வைத்தான். வைத்த நொடியில் அது அலறியது.

அதிகாரி எடுத்தார். “ஹலோ, யா… நிலைய இயக்குநர் சாரா?” தானாகவே விறைத்து நின்றார். “எங்க சார்? இங்கயா? எப்பலேருந்து சார்?” அவர் முகம் அவருடைய அறைச் சுவரில் அடித்துக்கொண்டிருந்த வெள்ளையை விட வெளுத்தது. ரிசீவரைப் போட்டுவிட்டு, தாழ்ப்பாளைத் திறந்து, கோப்புகளையும் செருப்பையும் விட்டுவிட்டு ஓடினார்.

‘போய் வா என்றுகூடச் சொல்லவில்லை’ என்று நினைத்தபடி டெஸ்டர் வெளியே வந்தான். வழியில் வெள்ளையடிப்பவர்கள் இருவர் பிரஷ்ஷோடு எழுந்து நின்று வழிவிட்டார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுண்ணாம்பு விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான். திங்கட்கிழமைக்கு வெள்ளைச் சட்டை துவைத்திருக்கிறதா என்று யோசித்தபடி கேட்டுக்கு நடந்தான்.

வாட்ச்மேன் கூண்டிலிருந்து பாய்ந்து வந்து அவன் கையைப் பிடித்துச் சுவரோரமாக இழுத்தார்.

“தம்பி, பின் கேட் வழியா ஓடிடு! முன்னாடி மீசை ஒரு பக்கம் கறுப்பும் ஒரு பக்கம் வெள்ளையுமா ஒருத்தர் பருப்பு டப்பாவோட நிக்கறாரு, அவருக்குப் பின்னாடி டிவியில உன்னைப் பார்த்த ஊரே நிக்குது, பதினோராவது நாள் என்ன ஆச்சுன்னு கேட்டு!”