கெமிக்கல் இல்லாத சோப்பு

அச்சில் ஊற்றிய சோப்பு விடிந்த பிறகும் எண்ணெயாகவே கிடந்தது. குளிர் போதவில்லை என்று முடிவுகட்டினார் இயற்கையார்.

அது தெரு வைத்த பெயர். கெமிக்கல் என்று கேட்டாலே மூக்கைப் பொத்திக்கொள்கிற ஜென்மம். அலுவலகத்தில் மேனேஜரிடமே "நீங்க போடற சென்ட்டு விஷம் சார்" என்று சொல்லிவிட்டு, கணக்கர் வேலையை உதறிவிட்டு வந்து, சமையலறையில் சோப்புத் தொழில் தொடங்கியிருந்தார். ஒரு ஹோட்டலிலிருந்து முதல் ஆர்டரும் வந்துவிட்டது. சாயங்காலம் வண்டி வரும். இது சொதப்பினால் அதே மேனேஜர் முன்னால் போய்க் கைகட்டி நிற்க வேண்டும் என்று மனைவி கறாராகச் சொல்லியிருந்தாள்.

"ஏங்க, எண்ணெயோட காஸ்டிக் சோடா சேர்ந்தாதான் சோப்பு. பொண்ணோட கெமிஸ்ட்ரி புத்தகத்துலயே போட்டிருக்கு," என்றாள் அவள்.

"அது கெமிக்கல்."

"சோப்பா மாறினதும் அது காஸ்டிக் சோடாவாவே இருக்காதுங்க."

"விஷம் வேஷம் போட்டா விஷம் இல்லேன்னு ஆயிடுமா?"

இதற்கு மேல் பேச அவளுக்கு என்ன பைத்தியமா? அடுப்பைத் துடைக்கப் போய்விட்டாள்.

எண்ணெயை இறுக வைக்க மெழுகை உருக்கி ஊற்றினார். மெழுகு என்னவோ மரத்தில் காய்த்துத் தொங்குகிற மாதிரி! கட்டி என்னவோ லட்சணமாகத்தான் வந்தது. பெருமையோடு கை கழுவினார். இருந்த அழுக்கு அப்படியே இருக்க, மேலே பிசுக்கு வேறு ஏறிக்கொண்டது. குளியலறைக் கதவின் குமிழைத் திருக முடியவில்லை. மகள்தான் வெளியிலிருந்து திறந்துவிட்டாள்.

"நுரையே வரலியேப்பா."

"நுரைதாம்மா கெமிக்கலே."

பெட்டிகளின் மேல் 'நுரை வராது, கெமிக்கல் கிடையாது' என்று பெரிதாக எழுதினார். சோப்பு என்று எழுத இடமில்லை.

அடுத்த சோதனையில் கட்டி கையிலிருந்து வழுக்கி, கால் கட்டைவிரலில் விழுந்தது. விருந்தாளி காலில் விழுந்தால் ஹோட்டல்காரர் சும்மா விடுவாரா? எல்லாவற்றையும் மறுபடி உருக்கி, கையில் மாட்டிக்கொள்ள வசதியாக நடுவே பருத்திக் கயிறு வைத்து ஊற்றினார். உருக்கியதில் வாசனை போய்விட்டது. ரோஜா எண்ணெயை முழு பாட்டிலாகக் கவிழ்த்தார். மகள் தும்மித் தும்மிப் பக்கத்து வீட்டுக்கே போய்விட்டாள்.

சாயங்காலம் பெட்டிகள் வண்டியேறின.

மறுநாள் முழுக்க ஹோட்டலிலிருந்து ஒரு போன்கூட வரவில்லை.

"சட்டையைத் தேய்ச்சு வெச்சிருக்கேன். நாளைக்கு மேனேஜரைப் பாருங்க," என்றாள் மனைவி. அவள் கத்தாமல் சொன்னதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

வாசலில் மணி அடித்தது. ஹோட்டல் டிரைவர் நின்றிருந்தார். சரக்கைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டாரோ என்று இயற்கையார் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"சார், இன்னும் எவ்வளவு இருந்தாலும் வாங்கிட்டு வரச் சொன்னாங்க. இனிமே மாசாமாசம் வேணுமாம்."

இயற்கையாரின் நெஞ்சு நிமிர்ந்தது. "கேட்டியா? அந்தக் கெமிஸ்ட்ரி புத்தகத்தைப் பழைய பேப்பர்காரன்கிட்ட போடு." பிறகு டிரைவரின் தோளில் கை போட்டார். "தம்பி, குளிச்சவங்க எல்லாம் என்ன சொன்னாங்க?"

டிரைவர் முழித்தார்.

"நேத்து கரண்ட் போனதும் எல்லா ரூம்லயும் இதைத்தான் ஏத்தி வெச்சோம், ஜோரா எரிஞ்சுது. மெழுகுவத்தியைத் தேய்ச்சு யாராவது குளிப்பாங்களா சார்?"