பூஜையில் வைத்த மோடம்

வாடகை என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் பக்கத்து ஆட்களுக்கு முகம் சுருங்கிவிடும். கரிசலில் ஒரு பருத்திக்காய் விளையாவிட்டாலும் அது சொந்தக் கரிசலாக இருக்க வேண்டும். நானும் அந்த வம்சம்தான். (கோவில்பட்டிக்குக் குடிவந்து ரேஷன் கார்டை மாற்றினோமே தவிர, புத்தியை மாற்றவில்லை.)

இரண்டாயிரங்களின் நடுவில் எங்கள் தெருவுக்கு டிவி கேபிள் வழியாகவே இன்டர்நெட் வந்தது; அதைக் கம்ப்யூட்டருக்கு இழுக்க மோடம் என்றொரு சின்னப் பெட்டி வேண்டும். என் தங்கை செல்விக்குச் சிங்கப்பூர் மாப்பிள்ளை ஒருவர் தகைந்து வந்த நேரம். லீவு கிடைக்கவில்லை, முதலில் கம்ப்யூட்டரில் பெண்ணைப் பார்த்துப் பேசுகிறேன், பிடித்திருந்தால் தையில் நேரில் வருகிறேன் என்று சொல்லியிருந்தார்.

"மோடத்த மாச வாடகைக்கும் தாரேன், வெலைக்கும் தாரேன். எது வேணும்?" என்றார் கேபிள்காரர்.

பக்கத்து வீட்டு செல்லத்துரை அண்ணாச்சி, சென்னையில் படிக்கும் மகனோடு பேசுவதற்காக, ஏற்கெனவே வாடகைக்கு எடுத்திருந்தார். "ஏலே, வாடகைக்கே எடு. ரிப்பேர் ஆனா அவன் பாடு" என்றார்.

"ஊரான் பொருள வீட்டுல வச்சிருக்க ஒங்களுக்குக் கூச்சமா இல்லையா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டு, சொந்தமாகவே வாங்கினேன். தெருவில் போன ஆட்டோக்காரரை எல்லாம் உள்ளே கூப்பிட்டு, அதன் விளக்குகள் மின்னுவதைக் காட்டினேன்.

மாப்பிள்ளை பேசுவதற்கு நாள் குறித்ததும் நான்தான். நல்ல நாளாக இருக்கட்டும் என்று ஆயுத பூஜை சாயங்காலத்தைச் சொன்னேன். (அதற்குப் பிறகு வீட்டில் யாரும் என்னிடம் நாள் கேட்பதில்லை.)

அன்று காலை அப்பாவின் மண்வெட்டி, அரிவாள், ஸ்பேனர் எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக அமர்ந்தன. கம்ப்யூட்டர் கனம் என்பதால் இருந்த இடத்திலேயே ஒரு பொட்டோடு தப்பியது. மோடத்தை மட்டும் நானே கழற்றிக் கொண்டுபோய் நடுநாயகமாக வைத்தேன். அம்மா சந்தனம், குங்குமம் வைத்து, தலையில் ஒரு செவ்வந்தியும் சூட்டினாள். சூடம் காட்டும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சாயங்காலம் அதை எடுக்கக் கையை நீட்டினேன்.

"ஏலே! பூசையில வச்ச சாமானத் தொடுதியோ?" என்றாள் அம்மா.

"எம்மா, மாப்பிள்ள கம்ப்யூட்டர்ல வாராரு."

"வரட்டும். நாளைக்குக் காலையில மறுபூச போட்டுட்டு எடு. இன்னைக்குத் தொட்டா அந்தக் கல்யாணம் வெளங்குமா?"

பட்டுச்சேலையில் நின்ற செல்வி என்னைப் பார்த்தாள். "எண்ணே, அருவா பக்கத்துல என் வாழ்க்கையவும் சேத்து வச்சிட்டியே!"

"அண்ணாச்சி வீட்டுல மட்டும் ஓடுதே, அது எப்படி?" என்று அம்மாவிடம் வாதாடினேன்.

"அது கேபிள்காரனோடதுலா. அவன் சாமானுக்கு அவன் பூச போடட்டும்."

வேறு வழியில்லை. செல்வியை அழைத்துக்கொண்டு அண்ணாச்சி வீட்டுப் படி ஏறினேன்.

"வா தம்பி" என்று வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். "ஊரான் பொருளுதான். கூச்சமில்லன்னா உக்காரு."

அவர் வீட்டில் சோபா இருந்தது, மீன் தொட்டி இருந்தது, சுவர் பளபளவென்று இருந்தது. மாப்பிள்ளை செல்வியோடு சிரித்துச் சிரித்துப் பேசினார். கடைசியில் என்னிடம், "ஒங்க வீடு ரொம்ப நல்லாருக்கே" என்றார். இது பக்கத்து வீடு என்று சொல்ல நல்ல மனிதனுக்கு ஒரு நொடி போதும்.

"இப்பதான் பெயின்ட் அடிச்சோம்" என்றேன் நான்.

கேமராவில் படாத இடத்தில் நின்று அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார்.

தை பிறந்தது. அம்மா வடை சுட, நான் வாசலில் காத்திருந்தேன். மாப்பிள்ளை வீட்டார் கார் எங்கள் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்து, அண்ணாச்சி வீட்டு வாசலில் நின்றது. ஜன்னல் வழியே மீன் தொட்டியைப் பார்த்த மாப்பிள்ளை, "இந்த வீடுதாம்மா" என்று உள்ளே நுழைந்துவிட்டார். அண்ணாச்சி மில்லுக்குப் போயிருந்தார். அவர் மனைவி, வந்தவர்கள் அவரைத் தேடி வந்த விருந்தாளிகள் என்று நினைத்துக் காபியும் கொடுத்துவிட்டார். நான் ஓடிப்போய் நின்றபோது மாப்பிள்ளை மீனுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார்.

வீடு மாறிய விஷயத்தைத் திக்கித் திணறிச் சொன்னேன். மாப்பிள்ளையின் அம்மா டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்ப, பெயின்ட் அடிச்சது எந்த வீட்டுக்கு?"

என் பின்னாலேயே வடைத் தட்டோடு வந்த செல்விதான் பேசினாள். "பொண்ணு அந்த வீடு, சோபா இந்த வீடு. எது வேணும்னு இப்பமே சொல்லிருங்க. வட ஆறுது."

மாப்பிள்ளை தன் அம்மா முகத்தைக்கூடப் பார்க்காமல் எழுந்து வந்து ஒரு வடையை எடுத்துக் கடித்தார். மாசியில் கல்யாணம்.

இப்போது அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். ஒவ்வொரு லீவுக்கும் ஊருக்கு வரும் மாப்பிள்ளை, எங்கள் வாசலில் பெட்டியை மட்டும் இறக்கிவிட்டு நேரே அண்ணாச்சி வீட்டுக்குப் போய்விடுவார். சோபாவில் சாய்ந்துகொண்டு பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புவார்: "அப்பா பொண்ணு பாத்த வீட்டுல இருக்கேன். மாமாவக் காபி கொண்டாரச் சொல்லு."

நான்தான் கொண்டுபோகிறேன்.