கெய்ஷா காப்பியும் மூன்று கோப்பைகளும்

இந்த வீட்டில் அந்தக் காப்பியை நான் ஒருவன்தான் குடிப்பது என்று முடிவெடுத்தேன். திருமணமாகிப் பத்தொன்பது ஆண்டுகளில் நானாக எடுத்த இரண்டாவது முடிவு அது. முதலாவது என்னவென்று எனக்கு நினைவில்லை. என் மனைவிக்கு இருக்கும்.

என் அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு காப்பிக் கடை உண்டு. கடைக்காரர் அதிகம் பேசமாட்டார். ஒருநாள் சின்னக் கோப்பை ஒன்றை என் பக்கம் தள்ளினார்.

"பால் இல்ல, சர்க்கரை இல்ல. சும்மா குடிச்சுப் பாருங்க."

குடித்தேன். முதலில் மல்லிகை. அப்புறம் ஆரஞ்சுத் தோலைக் கிள்ளியது போல் ஒன்று. அப்புறம் தேன். காப்பி எப்போது வந்து எப்போது போனதென்றே தெரியவில்லை. நான் கட்டட வரைபடம் போடுகிறவன். நாள் முழுக்க அறைகளை அளப்பவன். என் நாக்குக்குள் இத்தனை அறைகள் இருப்பது அன்றுவரை எனக்குத் தெரியாது.

"இதுக்குப் பேரு கெய்ஷா. காய்ப்பு கம்மி. தோட்டத்து ஓரத்துல யாரும் சீண்டாம பல வருஷம் நின்ன மரம். ஒரு சமயம் தனியாப் பறிச்சு ருசி பாத்தாங்க. இப்ப இதுக்கு உலகமே வரிசையில நிக்குது," என்றார். "வருஷத்துக்கு ஒரு பொட்டலம், ஆளுக்கு. அதுக்கு மேல கேக்காதீங்க."

பொட்டலத்தைக் கைக்குழந்தை போல் வீட்டுக்குத் தூக்கி வந்தேன்.

என் மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. மதியத்துக்கு மேல்தான் போவாள். பொட்டலத்தை முன்னும் பின்னும் திருப்பி ஒரு எழுத்து விடாமல் படித்தாள்.

"பால் ஊத்தலாமா?"

நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். "கூடவே கூடாது."

"அப்ப கஷாயமா?"

"மல்லிகை வாசனை வரும்."

"காப்பியில எதுக்குங்க மல்லிகை? சரி, பின்னாடி போட்டிருக்கறதைப் படிச்சீங்களா?"

"ருசிக்கத் தெரிஞ்சவன் அட்டையைப் படிக்கமாட்டான்."

அந்த நிமிடத்தில்தான் மேற்சொன்ன முடிவை எடுத்தேன். ஆனாலும் நியாயமாக நடந்துகொள்ள விரும்பினேன். கடைக்காரர் ஒரு சோதனை சொல்லியிருந்தார். தொழில் தெரிந்தவர்கள் மூன்று கோப்பை வைப்பார்களாம். இரண்டில் ஒரே காப்பி, ஒன்றில் வேறு. வேறு எது என்று உறிஞ்சிச் சொல்ல வேண்டும்.

"நீ கண்டுபிடிச்சா பாதி உனக்கு. இல்லன்னா முழுசும் எனக்கு."

"எப்ப சோதனை?"

"என் பிறந்தநாளுக்கு."

"அதுக்கு இன்னும் ஏழு வாரம் இருக்குதுங்க."

"இருக்கட்டும். நல்ல பொருள் காத்திருக்கும்."

பொட்டலத்தை அலமாரியில் பழைய கம்பளிக்குள் சுருட்டி ஒளித்தேன்.

பிறந்தநாள் வந்தது. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பொட்டலத்தைத் திறந்தேன். கொட்டைகள் மெலிந்து, நீண்டு, ராஜ பரம்பரை போல் இருந்தன. ஒரு கொட்டை சிந்தாமல் அரைத்தேன். ஓரத்துக் கோப்பைகளில் வீட்டுக் காப்பி, நடுவில் கெய்ஷா.

மனைவி மூன்றையும் உறிஞ்சினாள். தண்ணீர் குடித்தாள். இன்னொரு சுற்றும் உறிஞ்சினாள்.

"மூணும் ஒண்ணுதாங்க."

எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நடுக் கோப்பையை எடுத்துக் கண்ணை மூடினேன். மல்லிகை, ஆரஞ்சுத் தோல், தேன். கடையில் வந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வந்தன. கண் கலங்கிவிட்டது.

"அப்படியா இருக்கு?" என்றாள் மெதுவாக.

"சொன்னா உனக்குப் புரியாது."

"சரி, ஆற விடாம குடிங்க."

அதன்பின் ஞாயிறுதோறும் தனியாக உட்கார்ந்து ஒரு கோப்பை குடித்தேன். நான்காவது ஞாயிறு, மாடியில் குடியிருக்கும் தையல்காரர் படியில் என்னை மடக்கினார்.

"இப்பல்லாம் உங்க வீட்டுல அந்தக் காப்பி போடறதில்லையா சார்?"

"எந்தக் காப்பி?"

"காலையில பதினோரு மணிக்கு மாடி வரைக்கும் மல்லிப்பூ வாசனை வருமே. அக்கா ஒருநாள் எனக்கும் குடுத்தாங்க. குடிச்சிட்டு மெஷினை மிதிக்கவே மனசு வரல. அன்னிக்குத் தெச்ச சட்டைக்கு ரெண்டும் இடது கை."

"இது எப்ப?"

"உங்க பிறந்தநாளுக்கு முன்னாடி. ஒரு மூணு வாரம் வந்துச்சு."

உள்ளே போனேன். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"கம்பளிக்குள்ள இருந்த பொட்டலத்தை எடுத்தியா?"

"எடுத்தேன்."

"ஏன்?"

"வறுத்த நாள்லேர்ந்து ஒரு மாசத்துக்குள்ள குடிக்கணும்னு பின்னாடி போட்டிருக்கு. நீங்க ஏழு வாரங்கறீங்க. காலாவதியாகப் போறதை வேடிக்கை பாக்க என்னால முடியாதுங்க."

எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வாயில் வந்தது வேறு. "எப்படி இருந்துச்சு?"

மடிப்பதை நிறுத்தினாள். "முத நாள் குடிச்சிட்டு நின்ன இடத்துலயே நின்னேன். அடுப்பை அணைக்கக்கூட மறந்துட்டேன். அந்த மரத்தை ஒரு தடவை போய்த் தொட்டுப் பாக்கணும்போல இருந்துச்சு."

பத்தொன்பது ஆண்டுகளில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. சற்று நேரம் நானும் நின்ற இடத்திலேயே நின்றேன். அப்புறம்தான் உறைத்தது.

"அப்ப நான் குடிச்சது?"

"நம்ம வீட்டுக் கொட்டை. வெறும் பொட்டலத்தைப் பாத்தா மனசு கஷ்டப்படுவீங்களேன்னு ரொப்பி, பழையபடி ஒட்டி வெச்சேன்."

"சோதனை அன்னிக்காவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனே," என்று அடுத்த சட்டையை எடுத்து உதறினாள். "மூணும் ஒண்ணுதான்னு."