கேப்டனைத்தான் சொன்னேன், மாப்பிள்ளை

வேலந்தாவளம்

மதிப்புக்குரிய மாப்பிள்ளை ரத்தினசாமி அவர்களுக்கு, உங்கள் அக்காவைக் கட்டிய கந்தப்பன் கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அக்கா காளியாத்தாளும் மகள் மௌனிகாவும் எருமைகளும் உடம்புக்குச் சுகம். மனசுக்கு எருமைகள் மட்டும் சுகம். அங்கே உங்கள் வீட்டிலும் தோப்பிலும் எல்லோரும் நன்றாக இருக்க மாரியாத்தா துணை.

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். மாட்டுத் தரகனுக்கு விரல் போதும், எழுத்து எதற்கு என்று இருந்துவிட்டேன். இப்போது அந்த விரல் பேனாவைப் பிடித்துக்கொண்டு தவிக்கிறது. அடுத்த தெருவில் இருக்கிறவருக்குத் தபால் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நேரில் வந்தால் உங்கள் வீட்டம்மா, "அவரு ஊட்ல இல்லீங்கண்ணா"ங்கறாங்க. வாசலில் உங்கள் செருப்பு கிடக்கிறது, உள்ளே உங்கள் தும்மல் கேட்கிறது, நீங்கள் மட்டும் இல்லை. போன் அடித்தாலும் எடுப்பதில்லை. வேறு என்ன செய்வேன்?

எல்லாம் அந்த விண்கப்பல் படத்தால் வந்த வினை. முதல் படத்தை நம் வீட்டு டிவியில் எல்லோரும் சேர்ந்துதானே பார்த்தோம். அதில் வரும் கேப்டன் வயசான மனுஷன். படம் முழுக்க "ஏறு", "கிளம்பு" என்பதோடு சரி, மற்றபடி வாயைத் திறக்க மாட்டான். ஆனால் ஒருத்தரையும் விட்டுவிட்டுப் போக மாட்டான். கை உடைந்த இயந்திரப் பொம்மை ஒன்றுக்காகப் போன கப்பலைத் திருப்பினானே, அப்போது நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். நான் உங்களைக் கிண்டல் பண்ணினேன். இரண்டாவதாக வந்த படம், முதல் படத்துக்கு முந்தின கதையாம். பசு கன்று போட்ட பிறகு, அது கிடேரியாக இருந்த காலத்தைக் கூட்டிவந்து காட்டுகிற மாதிரி. அதில் கேப்டன் இளவட்டம், வாய் ஓயவில்லை. கூட வந்த சிநேகிதனை ஏதோ ஒரு கிரகத்தில் தனியாக விட்டுவிட்டு உயிர் தப்பி ஓடிவருகிறான். "மன்னிச்சிருடா" என்று பக்கம் பக்கமாக வசனம் வேறு.

அதைப் பார்த்த மறுநாள் காலையில் பால் சொசைட்டி வரிசையில் இந்தப் பேச்சு வந்தபோது எனக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. "பொம்மைய உடாதவன் சிநேகிதன உட்டுட்டுப் போவானா? அந்த வாயில இந்த வசனம் ஒட்டுமாங்க? கதை எழுதுனவனுக்கு மறதி!" என்றேன். நீங்கள் பால் கேனைக் கீழே வைத்துவிட்டு, "இல்லீங் மச்சான். அன்னைக்கு உட்டுட்டு வந்தானே, அதனாலதான் அப்பறம் ஒருத்தரையும் உடல. மனுஷன் மாறுவானுங்க" என்றீர்கள். எவ்வளவு பொறுமையாகச் சொன்னீர்கள்! அங்கேயே நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். வரிசை முழுக்க என் வாயையே பார்க்கிறதே என்கிற கொழுப்பு. "மாறறதாவது மாப்ள! ரெண்டு பல்லு வயசுல முட்டற மாடு பல்லு பூராச் சேர்ந்தாலும் முட்டும். சுழி கெட்ட மாட்டுக்குச் சந்தனம் பூசுனா லட்சுமி ஆயிருமா?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் கேப்டனை நினைத்துச் சிரிக்கவில்லை என்பது உங்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நீங்கள் குடித்துக்கொண்டிருந்த காலத்தை அந்த வரிசை பார்த்திருக்கிறது. நீங்கள் குடியை விட்டு வருஷக்கணக்காகிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும். மௌனிகாவுக்கு மாமனாராக வரப்போகிற சென்னியப்பனுக்குத்தான் இரண்டுமே தெரியாது. அவர் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டு, "ஏனுங்க, எதுக்கு எல்லாரும் அவரப் பாத்துச் சிரிக்கறாங்க?" என்று கேட்டது எனக்கும் கேட்டது, உங்களுக்கும் கேட்டது. நீங்கள் பாலை ஊற்றாமலே கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள்.

மாப்பிள்ளை, நான் கேப்டனைத்தான் சொன்னேன். சத்தியம் பண்ணலாம் என்று கையை நீட்டினால் உங்கள் அக்கா, "பொய்ச் சத்தியம் பண்ணாதீங்க, ஊட்ல கல்யாணம் வருது" என்கிறாள். சந்தையில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. விலையோ குறையோ, துண்டைப் போட்டு மூடிக் கைக்குக் கைதான் சொல்வோம். எவ்வளவு மோசமான மாடானாலும் நாலு பேர் நடுவில் அதன் குறையை வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். வாயில்லா ஜீவனுக்குக் கொடுக்கிற மரியாதையைச் சொந்த மச்சினனுக்குக் கொடுக்காமல் போனேனே, அதுதான் ராத்திரியும் பகலும் அறுக்கிறது.

சமாதானம் பண்ணுகிறேன் என்று இன்னொரு கூத்தும் பண்ணினேன். போனில் உங்களுக்குக் குரல் பதிந்து அனுப்பினேன்: "தப்புப் பண்ணிட்டேன் மாப்ள. மாடு மாறாதுன்னு போன வாரம் சொன்னது தப்பு. நீங்க மாறுனது எனக்குத் தெரியாதா? மாரியாத்தா நோம்பில ஊரே ஊத்திக்கிட்டு ஆடறப்ப, நீங்க மோர்ப் பானையப் புடிச்சுட்டு நின்னீங்களே." அழுகையும் கொஞ்சம் வந்தது. அது உங்களுக்குப் போகவில்லை. மௌனிகா அந்தப் படத்துக்கு நடத்துகிறாளே ரசிகர் குரூப், நம் இரண்டு பேரையும் அதில் சேர்த்திருக்கிறாளே, அங்கே போய் விழுந்தது. ஊர் பேர் தெரியாத பிள்ளைகள் எல்லாம், நான் கேப்டனிடம் பேசுவதாக நினைத்துக்கொண்டார்கள். "மோர்ப் பானை சீன் எந்தப் படத்துல? தியேட்டர்ல வெட்டிட்டாங்களா?" என்று ஒருவன். வட்டவடையில் இருந்து சிஞ்சு என்று ஒரு பிள்ளை, "போன வாரம் மாடு மாறாதுன்னு சொன்னவரு இப்ப மாறும்ங்கிறாரு. அங்கிள் கேரக்டரே ஒட்டலயே" என்றது. அதற்கு இன்னொருவன், "வசனம் நல்லாருக்கு, ஆனா இவரு வாயில வர்ற வசனம் இல்ல" என்றான். மௌனிகா ஓடிவந்து அழிப்பதற்குள் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். ரத்தினசாமி வெளியேறினார் என்று எழுத்து வந்தது. அந்த எழுத்தை மட்டும் நான் எழுத்துக் கூட்டாமலே படித்துவிட்டேன்.

இதற்கு நடுவில் சென்னியப்பன் வந்தார். சம்பந்தம் முறிந்தது என்று நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். மனுஷன் தண்ணி குடித்துவிட்டு, "உங்க மச்சினன் குடிய உட்டவருங்களாமே? என்ர அண்ணனால முடியாமப் போச்சுங்க, போய்ச் சேந்துட்டாரு. உங்க மச்சினன் கையாலதான் புள்ளைக்கு நெத்திப் பட்டம் கட்டோணும். வருவாருங்களா?" என்றார். நான் உள்ளே போய் இன்னொரு சொம்புத் தண்ணி கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன்.

தாய்மாமன் கட்டாத பட்டத்தோடு என் மகள் மணையில் உட்கார முடியுமா? என் முகத்துக்காக வேண்டாம், அவள் நெற்றிக்காக வாருங்கள். மண்டபத்தில் நான் வாய் திறக்க மாட்டேன். தாம்பூலப் பையைக் கூடப் பேசாமல் கொடுக்கிறேன். உங்கள் வீட்டம்மாவுக்கு என் கும்பிடு. பிள்ளைகள் தென்னை மாதிரி ஓங்கி வளரட்டும். உங்கள் நாய் என்னைப் பார்த்துக் குரைப்பது நியாயம்தான் என்று அதனிடம் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
கந்தப்பன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது உங்கள் அக்கா வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தாள். "அவன் வரமாட்டான்னு யாருங்க சொன்னா? நீங்க சந்தைக்குப் போற நாளெல்லாம் இங்கதான வந்து சாப்புடறான். பட்டத்துக்கு ஆசாரிகிட்டச் சொல்லியாச்சு. நேத்து மண்டபம் பாக்கச் சென்னியப்பண்ணன் கூடப் போனதே அவன்தான். உங்ககிட்ட மட்டும் சொல்ல வேண்டாம்னான்" என்றாள். ஆகவே கல்யாணத்துக்கு வரச்சொல்லி மேலே கெஞ்சியதை எல்லாம் அடித்துவிடவும். அடுத்த சந்தைக்கு என் கையில் விற்கிற மாடும் இல்லை, வாங்குகிற ஆளும் இல்லை. வீட்டில் இருந்துவிடலாமா என்று பார்த்தேன். நான் இருந்தால் நீங்கள் வரமாட்டீர்கள். உங்கள் அக்கா அன்றைக்கு நாட்டுக்கோழி அடிக்கப் போகிறாளாம். அதனால் விடிந்ததும் சந்தைக்குக் கிளம்பிவிடுவேன். பொழுது சாயாமல் திரும்ப மாட்டேன். அவசரப்படாமல் சாப்பிடுங்கள்.